வாய் திறக்காத பலகை

ஊற்றி வைத்த பாலையே மூன்று முறை மோந்து பார்க்கும் பூனை ஒன்றுக்கு அலைச்சறுக்குப் பழகும் ஆசை வந்தது. பழைய பலகை வாங்கக் கடற்கரைக் கொட்டகைக்குப் போனது. அங்கே இரண்டு பலகைகள் சாய்ந்து நின்றன. ஒன்றின் மேல் ஒட்டுப் போட்ட தழும்புகள். இன்னொன்றின் மேல் புதுப் பெயிண்ட்.

பூனை தழும்புப் பலகையை நகத்தால் தட்டிப் பார்த்தது.

"மூக்கு ஒரு தடவை பாறையில இடிச்சிருக்கு. வால் பக்கம் ஒரு விரிசல், அடைச்சாச்சு, தண்ணி இறங்காது," என்றது பலகை. "நான் நல்ல அகலம். புதுசா பழகுறவங்களைச் சட்டுனு கவுத்துட மாட்டேன்."

பூனையின் மீசை விறைத்தது. 'கேக்காமலே இவ்வளவு சொல்லுதே, சொல்லாதது இன்னும் எவ்வளவு இருக்கும்?'

பெயிண்ட் பலகையிடம் திரும்பி, "உனக்கு என்ன குறை?" என்று மூன்று முறை கேட்டது. அது பேசவே இல்லை.

'குறை இருந்தாத்தானே சொல்லும்!' பூனை அதையே இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனது.

மூன்றாவது அலையைத் தாண்டியதும் பலகைக்குள் தண்ணீர் களக் களக்கென்று இறங்கியது. அப்போதுதான் அது முதல்முறையாக வாயைத் திறந்தது.

"ஆமா, உனக்கு நீச்சல் தெரியுமா?"