இறங்காத கண்ணாடி

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கவில்லை என்றுதான் அந்த வெள்ளைக் கார் நிலவனின் கடைக்கு வந்தது. மந்தாரக்குப்பம் சாலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்று போர்டு போட்டிருப்பது அவன் கடை ஒன்றுதான்.

இறங்கியவர்கள் இரண்டு பேர். இருவரும் நல்ல வாட்டசாட்டம். ஒருவர் பெரிய மீசை வைத்திருந்தார். அவர்தான் பேசினார்.

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“பாத்துட்டுத்தாங்க சொல்ல முடியும். உங்க பேரு?”

“பேரு எதுக்கு? டிரைவர் கண்ணாடிய மட்டும் பாரு. பின்னாடி ரெண்டும் வேலை செய்யாது. அதத் தொடாத.”

நிலவன் எதையும் இரண்டு முறை பார்க்கிற ஆள். ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சரியாக இருந்தது. மாட்டிவிட்டு, சந்தேகத்தில் மறுபடியும் கழற்றிப் பார்த்தான். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. சுவிட்சை அழுத்தினான். மோட்டாரிலிருந்து முனகல்கூட இல்லை.

கரண்ட் பார்க்கிற மீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை. போன மாதம் எவனோ ஷட்டரை நெம்பி, வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர், மீட்டர், டூல் பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். இப்போது ஒரு சின்ன பல்பும் இரண்டு ஒயரும்தான் கைவசம். ஸ்கேனர் இல்லாத கடைக்குப் புது வண்டிகள் வருவதில்லை. இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, அண்ணனோடு நிலக்கரி மைன்ஸுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பக்கத்து டீக்கடை லூசியம்மாள் டீ கொண்டு வந்தாள்.

“இன்னாப்பா, பல்பு வெச்சிக்கினு வைத்தியம் பாக்கிற? பூட்டுன கடைய நாலு வாட்டி இழுத்துப் பாத்துட்டுப் போவியே, திருடன் அஞ்சாவது வாட்டி இழுத்திருக்கான் பாரு!”

“டீய வெச்சிட்டுப் போக்கா.”

கதவின் உள்பலகையைக் கழற்றியதும் பழுப்பு நிலக்கரித் தூசு மடியில் கொட்டியது. சுவிட்ச் வரை கரண்ட் வந்தது, பல்பு எரிந்தது. மோட்டார் முனையில் எரியவில்லை. அப்படியென்றால் கோளாறு நடுவில். கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாயைப் பிரித்தான். திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே ஒரு ஒயர் இற்றுப்போய் அறுந்திருந்தது. ஒட்டிச் சேர்த்தான். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்போதுதான் சுவிட்சுக்குப் பின்னால் அந்த இரண்டு ஒயர்களைப் பார்த்தான். பின்கதவுகளின் கண்ணாடிகளுக்குப் போகிறவை. இவை தானாக அறுந்தவை அல்ல. கட்டரால் நறுக்கி, முனையில் டேப் சுற்றியிருந்தது.

பின்சீட்டை எட்டிப் பார்த்தான். நைலான் கயிறு. பக்கத்தில் ஒரு துண்டு.

வேப்பமரத்தடியில் மீசைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “பண்ருட்டியிலதான் இருக்கான், அவன் அக்கா வூட்டுல. சாயங்காலத்துக்குள்ள வண்டியில ஏத்திடுவோம். உள்ள வந்துட்டான்னா கதவும் தொறக்காது, கண்ணாடியும் எறங்காது. கத்துனா கத்திக்கினு கெடக்கட்டும்.”

நிலவன் ஓசைப்படாமல் எழுந்தான். கடைக்குள் போய் ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். ஏட்டு பழனிசாமி எடுத்தார்.

“அண்ணே, நிலவன் பேசறேன். இங்க ஒரு…”

“உன் ஸ்கேனர் கேஸ்தானே? தெனம் போன் பண்ணி உசுர வாங்காதப்பா. பாத்துக்கினுதான் இருக்காங்க. வை.”

மறுபடி போட்டான். அவர் எடுக்கவில்லை.

ஒருவேளை நாம்தான் தப்பாக நினைக்கிறோமோ? துணியைக் காயப் போடுகிறவர்கள்கூடக் கயிறு வைத்திருப்பார்கள். ஆனால் ஒயரை ஏன் நறுக்க வேண்டும்? நினைப்பது சரியாக இருந்தால் யாரோ ஒருத்தன் பிழைப்பான். தப்பாக இருந்தால் என்ன ஆகிவிடும்? ஒரு கண்ணாடி இறங்கும். அவ்வளவுதானே.

இடது பக்கத்து ஒயரை மட்டும் சேர்த்து, டேப் சுற்றி, பலகையை மூடினான்.

மீசைக்காரர் வந்து டிரைவர் கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். நிலவன் அவர் கையையே பார்த்தான். அவர் அழுத்தியது வலது பக்கத்து சுவிட்சை. கண்ணாடி அசையவில்லை.

“தொடலியே?”

“தொடலீங்க.”

“நல்லாப் பண்ணியிருக்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை நிலவன் ஷட்டரை ஒரே ஒரு முறைதான் இழுத்துப் பார்த்தான். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் கடை திறக்கும்போது ஏட்டு பழனிசாமி பைக்கில் வந்து இறங்கினார்.

“நெலவா, உன் கடையில கை வெச்சவன் நேத்து சிக்கிட்டான்ப்பா.”

“அண்ணே! என் ஸ்கேனரு?”

“இன்னும் விக்கலியாம். எங்க பொதச்சி வெச்சிருக்கான்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எடத்தக் காட்டறேன்னு ஒத்துக்கினான். ஸ்பெஷல் டீம் மஃப்டியில போயி, அவங்க வண்டியிலயே ஏத்திக்கினு வந்தாங்க.”

நிலவன் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டான். பழனிசாமி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“வடலூருல டீ குடிக்க எறங்குன நேரம் பாத்து, பின்பக்கக் கண்ணாடிய எறக்கி, வெளிய கைய வுட்டுக் கதவத் தொறந்துக்கினு ஓடிட்டான், நீ ரிப்பேர் பாத்த வண்டிதானாம், அந்தக் கண்ணாடி எப்படி எறங்குச்சுன்னு உன்னையே பாத்துச் சொல்லச் சொன்னாங்க.”