விட்ட கை

"இருபது சொல்லையும் ஒண்ணு விடாம சொல்லிட்டீங்களே!"

தக்ஷிகாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆளுக்கு ஆள் ஞாபகசக்தி எப்படி மாறுகிறது என்று அளந்து பார்க்க, பல்கலைக்கழகத்திலிருந்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் வாசிக்கும் சொற்களை அரை மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி வந்தாலே பெரிய காரியம். பிரியந்தினி அத்தனையையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள்.

வாசலில் நின்ற அவள் அண்ணி ஜெயலெட்சுமி விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"கேட்டீங்களா மிஸ்? கத்தரிக்கா, கதிரைன்னு நீங்க சொன்னதெல்லாம் இவளுக்கு ஞாபகம் இருக்கு. மண்சரிவு அன்னைக்கு எம்புள்ள லோஜன் யாரு கையில இருந்தான்னு கேட்டா மட்டும் மறந்துபோச்சாம்!"

தக்ஷிகா திகைத்துப்போனாள். போன வருஷத்து மழையில் மலை சரிந்து தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தின் மேல் விழுந்ததும், பிள்ளை மண்ணில் போக, அவனோடு ஓடிய இந்த இரண்டு பெண்கள் மட்டும் தப்பியதும் தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை.

"எனக்கு சத்தம் கேட்டது ஞாபகம். அப்புறம் ஒண்ணுமே இல்ல மிஸ். இவ சொல்லலாம்ல? சொல்ல மாட்டா. கையை விட்டது இவதானே! பாவி, எம் வயிறு எரியுது!"

பிரியந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஞாபகம் இல்லைங்க அண்ணி."

"நீ நல்லா இருப்பியாடி?"

ஜெயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

தக்ஷிகாவுக்குக் கோபம் வந்தது. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்! பெற்றவளை இப்படித் தவிக்க விடலாமா?

"உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உள்ளதைச் சொன்னா அவங்க மனசு கொஞ்சமாவது ஆறும்ல?"

பிரியந்தினி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மிஸ், அண்ணிக்கு அது அடியோட அழிஞ்சு போயிருக்குமா?"

"சொல்ல முடியாது. சில பேருக்கு உள்ள பத்திரமா இருக்கும், வெளிய எடுக்கத்தான் வராது. யாராவது ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தா மொத்தமும் வந்துரும்."

பிரியந்தினியின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்ப நீங்களும் அவங்ககிட்ட எதுவும் கேட்டுறாதீங்க மிஸ், கும்புட்டுக் கேக்குறேன். என்னைத் திட்டிக்கிட்டாவது உசுரோட இருக்கட்டும். புள்ள அவங்க கையிலதான் இருந்தான்."