வேட்டியின் இறக்கம்

வீட்டு முன்னால் ஓடிய ஓடையில் இறங்கியபோதும் ஐந்தாவது மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கவில்லை. முழங்கால் தண்ணீரைத் தாண்டி, குதிகால் மறையத் தொங்கிய ஈர வேட்டியோடு அவன் கரையேறியதைப் பார்த்துச் சபை மூப்பர் ரசலையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா ராகேலு! இவன்தான் மருமவன்."

"வேட்டிக்கா பொண்ணு குடுக்கோம்? மொகத்தையும் பாருங்க" என்றாள் மனைவி.

ரசலையனின் வேதத்தில் வேட்டிக்குத் தனி அதிகாரம் உண்டு. வயலுக்கு முழங்கால் வரை, சந்தைக்குக் கெண்டைக்கால் வரை, ஆலயத்துக்கும் கோர்ட்டுக்கும் கரண்டை வரை, பெரியவர்கள் முன்னால் குதிகால் வரை. நாகர்கோவில் குமாஸ்தா ஒருவன், மடித்துக் கட்டியதை அவிழ்க்க மறந்து கைகூப்பித் தோத்திரம் சொன்னான்; தோத்திரத்தோடு திரும்பிப் போனான்.

இப்படியே நான்கு வரன்கள் போயின. மகள் தங்கபாய்க்கு இருபத்து மூன்று. இதுவும் தட்டினால் இனி இரண்டாந்தாரந்தான் என்று தரகர் கையை விரித்துவிட்டார்.

மாப்பிள்ளை யூஜின் இரணியலில் வாத்தியார். பெஞ்சில் உட்கார்ந்தும் வேட்டியை இழுத்து இழுத்துப் பாதத்தை மூடினான். பலாமரத்தில் கட்டியிருந்த நாய் அவனைப் பார்த்துக் குரைத்துத் துள்ளியது.

"பயப்படாத மக்கா. புதன்கெழம நாங்க செபக்கூட்டத்துக்குப் போன நேரம் பாத்து ஒரு தேங்கா களவாணி மதிலேறியிருக்கான். மவ தலவலின்னு வீட்டுல தனியா கெடந்தா. இவந்தான் களவாணி கெண்டக்கால்ல ஒரு பிடி பிடிச்சு வெரட்டியிருக்கான்!"

"நல்ல நாய்" என்றான் யூஜின்.

"அது கெடக்கட்டும். தண்ணியிலகூட வேட்டிய தூக்கல்லியே, ஏன்?"

"பெரியவங்க முன்ன கால காட்டலாமா, மாமா?"

ரசலையன் உருகிப்போனார். "ஏட்டி ராகேலு, கேட்டியா! வாற ஞாயித்துக்கெழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்!"

தங்கபாய் காப்பி கொண்டுவந்தாள். அன்னிய ஆண்பிள்ளை முன்னால் வருவதற்கென்று அப்பா விதித்த அளவில், பெருவிரலும் தெரியாத சேலை. தம்ளரை நீட்டக் குனிந்தவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"கடிச்ச புண்ணு ஆறிட்டா?"