அதே சேவல்

புளியம்பழத்தின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள் கல்பனா. எதிரே மாமியார் கெங்கம்மாள். பக்கத்தில், ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டு முனியம்மா.

போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்குக் கூப்பிடுவது அவள் புருஷன் வெற்றிச்செல்வன்தான். குடகில், காப்பித் தோட்டத்தில் வேலை.

மற்ற நாளென்றால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைப் பக்கம் தனியாகப் போய்ப் பேசுவாள். இன்று கையெல்லாம் பிசுபிசுப்பு. சுண்டுவிரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றது ஒரு பெண் குரல்.

கல்பனா திகைத்தாள். இவள் யார்?

"இன்னா கல்பனா, ரெக்கார்டு பண்றியா?" என்றான் வெற்றிச்செல்வன்.

"தெர்லங்க. நேத்து சந்தையில, அப்டேட்டுன்னு இன்னாவோ கேட்டுச்சு. சரின்னு தொட்டுட்டேன்..."

"ரெக்கார்டு போட்டு வெச்சிருந்தாதான் அது அப்டி சொல்லும். முன்னாடியிருந்தே பண்றியா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாங்க."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

"ஓகோ! நான் பேசறதப் புடிச்சு வெச்சு, நாளைக்குப் பஞ்சாயத்துல போட்டுக் காட்டவா?"

போன் அணைந்தது.

முனியம்மாவுக்கு அது போதாதா? "அடிப்பாவி! நாலு வார்த்த பேசவே கூச்சப்படுவ. கட்டினவன் பேச்சயே திருட்டுத்தனமா புடிச்சு வெச்சிருக்கியே! எதுக்குடி?"

கல்பனா தலை குனிந்தாள். காரணத்தைச் சொன்னால் முனியம்மா வாய் மூடிவிடும். புருஷன் கோபமும் தீர்ந்துவிடும். ஆனால் மாமியாரை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தடவினாள். முன்பெல்லாம் கீழே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். தொட்டால் பழைய பேச்செல்லாம் வரிசையாக வரும். இப்போது புள்ளியே இல்லை. மேலே தள்ளினாள், பக்கவாட்டில் தள்ளினாள். எங்கெங்கோ போய், எப்படித் திரும்புவதென்று தெரியாமல் விழித்தாள். ரெக்கார்டு பண்ணுவதை ஊருக்கே சொல்கிறது. பண்ணியதை எங்கே வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறது!

கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இன்னாடி தேட்ற?" என்றாள் கெங்கம்மாள்.

"பழைய பேச்சு அத்தை... காணோம்."

"போனா போவட்டும். அவனுக்குப் போனப் போடு. நான் பேசறேன்."

கல்பனா நம்பாமல் பார்த்தாள். புளியமரங்களைச் சின்ன மகனுக்கு எழுதிவைத்தாள் என்று சண்டை போட்டுவிட்டுப் போனவன் வெற்றிச்செல்வன். அதோடு அம்மாவுக்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ரெண்டு வருசம் ஆயிற்று.

போட்டாள். அவன் எடுத்ததும் ஸ்பீக்கரில் மறுபடி அந்தப் பெண் குரல்.

"ஆவட்டும்டி, நல்லா பதிவு பண்ணிக்கோ" என்று அவளுக்கே பதில் சொன்னாள் கெங்கம்மாள். "டேய் வெற்றி, அம்மாடா. வெச்சிடாத, கேளு. சண்டைக்கு முந்தின வாரம், ‘அம்மா சாப்ட்டுச்சா’ன்னு நீ போன்ல கேட்டிருக்க. அது எப்டியோ இதுல பதிவாயிருக்கு. அத இந்தப் பொண்ணு பத்திரமா வெச்சிக்கிட்டு, ‘இன்னிக்குக் கேட்டாரு அத்தை’ன்னு வாராவாரம் எனக்குப் போட்டுக் காட்டுதுடா. என்னிக்காவது நீ மறுபடி கேப்பன்னு நீ பேசறதயெல்லாம் புடிச்சு வெச்சிருக்கு. பஞ்சாயத்துக்காம், பஞ்சாயத்துக்கு!"

முனியம்மாவின் கை புளியிலேயே நின்றுபோனது.

கல்பனா சட்டென்று நிமிர்ந்தாள். "அத்தை! பழசுன்னு உங்களுக்கு எப்டி..."

"‘சாப்ட்டுச்சா’ன்னு அவன் கேட்டு முடிச்சதும் ஒரு சேவல் கூவும். ரெண்டு வருசமா அதே சேவல் அதே எடத்துல கூவுது. எனக்குத் தெரியாதா? உன் மொகம் வாடிடக் கூடாதேன்னு நானும் புதுசாட்டம் கேட்டுக்கினு இருந்தேன்."

போனில் தொண்டையைச் செருமும் சத்தம்.

"யம்மா... சாப்ட்டியா?"

கெங்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். சேவல் கூவவில்லை.

உள்ளே தூளியில், கல்பனாவின் ரெண்டரை வயதுக் குழந்தை பூவிழி எழுந்துவிட்டாள். "ம்மா!"

போவதா, இருந்து கேட்பதா என்று தெரியாமல் நின்றாள் கல்பனா.

"உம் பொண்ணு கூப்புட்றா, போடி" என்றாள் கெங்கம்மாள், போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "எம் புள்ள என்ன அம்மான்னு கூப்புட்டு ரெண்டு வருசமாச்சு. நான் பேசிட்டு வரேன்."