அறைத்தோழி

படிக்கும் ஊரிலேயே ஓட்டுப் போட வேண்டும் என்று ரெஜினா விண்ணப்பித்திருந்தாள். விசாரிக்க வந்த அலுவலர் விடுதி அறை வாசலில் நின்று, "ரெஜினா இங்கதான தங்கியிருக்காங்க?" என்று சுடர்விழியிடம் கேட்டார். "ஓட்டெல்லாம் உங்க ஊர்ல போய்ப் போடுங்க" என்று எல்லோரையும் மிரட்டியிருந்த வார்டன் அவருக்குப் பின்னால் நின்று முறைத்தார். இரண்டு வருடமாக ரெஜினாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட சுடர்விழி, "அப்படி யாரும் இல்ல சார்" என்றாள்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ரெஜினாவின் காதில் அது விழுந்தது.

"நான்தான் சார் ரெஜினா. அது என் கட்டில்."

அலுவலர் சுடர்விழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ புதுசா வந்தவ சார். என்னைத் தெரியாது" என்றாள் ரெஜினா.

சுடர்விழியால் தலை நிமிர முடியவில்லை. குனிந்த கண்ணில் பட்டது, அவள் உடுத்தியிருந்த ரெஜினாவின் சுடிதார்.