முழு டவர்

பொற்கொடியின் மலிவு சிம்முக்கு மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும்தான் டவர் கிடைத்தது. அங்கே நின்று புனேயிலிருக்கும் மகனைக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேன், நானே கூப்பிடுறேம்மா" என்பான். கீழே இறங்கினால் டவர் போய்விடும். "மகன் பேசுறானா?" என்று யாராவது கேட்டால், "இந்தப் பாழாப்போன டவர் விட்டாத்தானே!" என்று எரிந்துவிழுவாள்.

ஒரு நாள் பொறுமையிழந்து, இரு மடங்கு விலைக்கு வேறு கம்பெனிக்கு மாறினாள். எண் அதேதான். "கிணத்துக்குள்ள நின்னாக்கூட எடுக்கும்க்கா" என்றான் கடைக்கார தாவூது. உண்மைதான். அடுப்படியிலும் குளியலறையிலும் நாலு கோடும் நிறைந்து நின்றன. சந்தேகத்தில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னாள். வீடே அதிர மணி அடித்தது. அதன்பிறகு அடிக்கவில்லை.

பத்தாம் நாள் கடைக்குப் போய் செல்லை மேசைமேல் போட்டாள்.

"பழைய சிம்முக்கே மாத்திக் குடு."

"ஏன்க்கா, டவர் இல்லையா?"

"இருக்கு."

தாவூது விழித்தான். "ஒரு தடவ மாறினா தொண்ணூறு நாள் இருந்தே ஆகணும்க்கா. இன்னும் எண்பது நாள் கிடக்கு."

"எண்பது நாளும் டவர் இப்படியேதான் இருக்குமா?" என்று கத்தினாள்.

"ஒரு கோடு குறையாதுக்கா," என்றான் அவன் பெருமையாக, "நான் கேரண்டி."