வெறும் வயிறு

பிரான்சில் இருக்கும் அண்ணன் அம்மாவை ஒரு வருடம் வந்து இருக்கும்படி கூப்பிட்டிருந்தான். விசாவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். அதற்கு இரத்தம் பார்க்க வேண்டும். மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிவந்தாள் தர்மிளா.

"வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்று கேட்டார் இரத்தம் எடுத்தவர்.

"ஆமாங்க, பச்சத்தண்ணிதான் குடிச்சேன்" என்றாள் அம்மா.

தர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

பின்னேரம் முடிவு வந்தது. இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம், இன்சூரன்ஸ் தர முடியாது என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள்.

"அங்க இருக்குற பேரன ஒரு தடவ தூக்கிப் பாக்கக் குடுத்து வைக்கல" என்றபடி பஸ்ஸில் ஏறினாள் அம்மா.

தர்மிளா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணன்கிட்ட என்னம்மா சொல்றது?"

"எனக்குச் சீனி வருத்தம்னு சொல்லு." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில 'சீனி போடல, குடிம்மா'ன்னு டீயை நீட்டுனியே, மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு. நான் போயிட்டா, நீ கார்மென்ட்ஸ் வேலைக்குப் போறப்ப ஒம் புள்ளைய யாரு பாக்குறது? அதான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன்."